மூன்று அளவைகளில் ஓதத்தின் காலம்

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில், காலையில் படகு தடையின்றிச் சென்ற வாய்க்கால் பிற்பகலில் சேறு காட்டி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். கடலின் ஓதம் ஏறி வற்றுவதன் விளைவு அது. ஏறி, வற்றி, மீண்டும் ஏற ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும். நாள் முழுதும் கரையில் காத்திராமல் சில அளவைகளைக் கொண்டே இக்காலத்தைக் கணிக்க இயலுமா?

இயலும். பிரெஞ்சுப் பொறியாளர் புரோனி 1795-இல் இதற்கு அடிப்படையான வழியை வகுத்தார். அவர் ஆராய்ந்தது ஓதத்தை அன்று, ஆவிகளின் விரிவை என்பது வியப்பே. அவ்வழியின் எளிய வடிவத்தைக் காண்போம்.

கடலூர்த் துறைமுகத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அளக்கிறோம் எனக் கொள்வோம். சராசரி மட்டத்திற்கு மேல் 33, 49, 19 செ.மீ. கிடைக்கின்றன. (விளக்கத்திற்காக நாம் அமைத்த எண்கள் இவை.) முதல் அளவையும் மூன்றாம் அளவையும் கூட்ட 52, நடு அளவின் இருமடங்கு 98. முன்னதைப் பின்னதால் வகுக்க 0.53. பள்ளியில் பயின்ற கோசைன் கூட்டல் விதிப்படி, இரண்டு மணி நேரத்தில் அலை கடக்கும் கோணத்தின் கோசைன் இதுவே. கோணம் 58 பாகை. எனவே 360 பாகை கடக்க 12 மணி 25 நிமிடம். மூன்றே அளவைகள்!

ஆயின் களிப்படைய வேண்டா. நடு அளவை 49-க்குப் பதில் 51 எனக் குறித்துவிட்டால் விடை 12 மணி 8 நிமிடமாகிறது. இரண்டு செ.மீ. பிழை, பதினேழு நிமிடத்தை விழுங்கிவிட்டது. நடு அளவை சராசரி மட்டத்திலேயே அமைந்தால் வகுத்தலே இயலாது. மேலும், திங்களின் ஓதத்தோடு 12 மணிக் காலமுடைய கதிரவனின் ஓதமும் கலந்துள்ளது. இரண்டையும் தெளிவாகப் பிரித்தறிய ஏறத்தாழ 15 நாள் பதிவு வேண்டும்.

அளவைகளின் இடைவெளியும் ஏமாற்றும். நாள்தோறும் ஒரே வேளையில் மட்டும் கடலைப் பார்ப்பவருக்கு ஓதம் 15 நாளுக்கு ஒருமுறை ஏறுவதாகவே தோன்றும். உயர் ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்துவதே காரணம். 2004 டிசம்பர் 26 அன்று கடலூர்க் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையில் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே சில பத்து நிமிடங்களே. மணிக்கு ஒருமுறை மட்டும் மட்டத்தைக் குறிக்கும் ஏட்டில் அதன் உண்மை வடிவம் பதிவாகியிராது.