பழைய கார்டு, புதிய வேகம் – 9: பென்சில் திறந்த வழி

கனடாவின் ஏடிஐ நிறுவனம் 2002 ஆகஸ்டில் வெளியிட்ட ரேடியான் 9700 ப்ரோ கிராஃபிக்ஸ் கார்டின் வேகத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் திரையெங்கும் புள்ளிகள் தெறித்துப் படம் குலைந்துபோகும் என்பது தொடர்ந்து படித்துவரும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த எல்லையைக் கடக்க வோல்டேஜும் குளிர்ச்சியும் வேண்டும், வோல்டேஜிலிருந்து தொடங்குவோம்.

பத்துக் கோடியே எழுபது லட்சம் டிரான்சிஸ்டர்கள் அடங்கிய அந்தக் கார்டின் கிராஃபிக்ஸ் சிப், 325 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறத்தாழ மூன்று நானோ விநாடியே அவகாசம் தருகிறது. அவகாசத்தை இன்னும் சுருக்க விரும்புவோர், டிரான்சிஸ்டர்கள் விரைந்து மாறும்படி அவற்றுக்குச் செல்லும் வோல்டேஜைச் சற்றே உயர்த்தவேண்டும். அதை நிர்ணயிப்பது கார்டிலேயே உள்ள ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சிப். வெளிச்செல்லும் வோல்டேஜில் ஓர் அம்சத்தை இரண்டு ரெசிஸ்டர்கள் பிரித்து அதனிடம் அனுப்ப, அது தன்னுள் நிலையாக உள்ள ஓர் அளவோடு அதை ஒப்பிட்டு, குறைந்திருந்தால் வோல்டேஜைக் கூட்டுகிறது. ஆகவே, தரைமுனைப் பக்கத்து ரெசிஸ்டரின் மதிப்பைக் குறைத்தால், தன்னிடம் வந்த அம்சம் குறைந்ததாகக் கொண்டு அச்சிப் தானாகவே வோல்டேஜை உயர்த்திவிடும். இதற்கென்று ஒரு வேரியபிள் ரெசிஸ்டரை இணையாகச் சால்டர் செய்வது ஒரு முறை. மற்றொரு முறைக்குப் பென்சில் போதும்!

இவ்வாரம் முழுவதும் என் சிந்தையை ஆட்கொண்டது இந்தப் பென்சில்தான். இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் கிடைத்த சுத்தமான கிராஃபைட், யுத்தத்தின் காரணமாகப் பிரான்ஸுக்கு வராமற்போனபோது, நிக்கொலா ழாக் கோந்தே என்பவர் கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் பிசைந்து சூளையில் சுட்டுப் புதிய பென்சிலை உண்டாக்கி, 1795-இல் அதற்கு உரிமையும் பெற்றார். களிமண் மிகுந்தால் கடினம், கிராஃபைட் மிகுந்தால் மிருது. கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பன் அணுவும் மூன்று அண்டை அணுக்களைப் பற்றிக்கொண்டு நான்காவது எலக்ட்ரானைத் தளத்தில் தாராளமாக உலவவிடுவதால், அதன் வழியே மின்சாரம் பாய்கிறது. எனவே எச்பியைக் காட்டிலும் 2பி, 4பி பென்சில்களே இக்காரியத்துக்கு உகந்தவை. ரெசிஸ்டரின் முதுகில் இரண்டு கோடுகள் இழைத்தால், குளத்துக்கு மற்றொரு மதகைத் திறந்தாற்போல் மின்சாரத்துக்கு இரண்டாவது வழி கிடைத்து மொத்தத் தடை தணிகிறது. மிஞ்சிப்போனால் ரப்பரால் அழித்துவிடலாம். சித்திரக்காரர்களுக்கென்று உண்டான ஒரு சாதனம், இருநூறு ஆண்டுகளுக்குப் பின் மின்சுற்றின் நுட்பமான அளவை மாற்ற உதவுவதைப் பேரதிசயம் என்றே கருதுகிறேன். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஏஎம்டியின் டியூரான், அத்லான் பிராசஸர்களின் மேற்புறத்தில் துண்டிக்கப்பட்டிருந்த எல்1 பாலங்களை ஆர்வலர்கள் இதே பென்சிலால் இணைத்து, வேகத்தை நிர்ணயிக்கும், பூட்டப்பட்டிருந்த பெருக்கெண்ணை விடுவித்ததும் இதே கிராஃபைட்டின் கிருபையால்தான்.

ஆயினும் நிதானம் அவசியம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ரெசிஸ்டரின் மதிப்பை மல்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். சில சதவீதம் மட்டும் தணித்து, மீண்டும் மின்சாரம் கொடுத்து வோல்டேஜை அளந்தபின்பே மேற்கொண்டு செல்லுங்கள். வோல்டேஜைப் பத்துச் சதவீதம் உயர்த்தினால் மின்செலவு அதன் வர்க்கமாக ஏறி 21 சதவீதம் மிகும்; வேகத்தையும் பத்துச் சதவீதம் கூட்டினால் 33 சதவீதத்தை எட்டும்; அத்தனையும் உஷ்ணமாகவே வெளிப்படும்.

அந்த உஷ்ணத்தை வெளியேற்றும் மார்க்கத்தை, பென்சிலுக்கே இவ்வாரத்து இடம் சென்றுவிட்டபடியால், அடுத்த இதழில் விரிவாகப் பார்ப்போம். 9700 ப்ரோவின் சிப்பைச் சுற்றிக் காவலாக வைக்கப்பட்ட உலோகச் சட்டம், சில கார்டுகளில் சிப்பைவிடச் சற்று உயர்ந்து நின்று ஹீட்சிங்க் நன்றாகப் பதிய விடாமல் தடுத்தது. குளிர்ச்சியின் கதையை அங்கிருந்தே தொடங்கவேண்டும். அதுவரை பென்சில் கோடுகள் போட்டவர்கள் பழைய வேகத்திலேயே கார்டை ஓடவிட்டு, உஷ்ணத்தை மட்டும் கவனித்து வாருங்கள்.