நகரப் போக்குவரத்துச் செலவு ஒப்பீடு

பேருந்து, தொடர்வண்டி ஆகியவற்றின் செலவை ஒப்பிடுகையில் முதலீட்டுச் செலவு, இயக்கச் செலவு ஆகிய இரண்டையும் தனித்தனியே கணக்கிடுதல் வேண்டும்.

முதலீட்டுச் செலவு

பேருந்துகள் ஏற்கனவே உள்ள சாலையில் ஓடுகின்றன. எனவே முதலீடு பெரும்பாலும் வண்டி, பணிமனை ஆகியவற்றோடு முடிகிறது. தொடர்வண்டிக்கு நிலம், இருப்புப்பாதை, நிலையம், சைகை அமைப்பு ஆகியனவும் தேவை. 2024 இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்த சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நீளம் 118.9 கி.மீ.; மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 532 கோடி ரூபாய் ஆகும்.

இயக்கச் செலவு

பயணிகள் இருமடங்கானால் பேருந்துகளும் ஓட்டுநர்களும் ஏறத்தாழ இருமடங்காக வேண்டும். தொடர்வண்டியில் ஆயிரம் பேருக்கும் ஓர் ஓட்டுநர் போதும். ஆகவே கூட்டம் மிகும்போது தலைக்குரிய செலவு குறைகிறது. பெட்டிகள் காலியாக ஓடினாலோ கடனுக்கான வட்டி குறைவதில்லை.

பழனி

பழனியில் தைப்பூசம், பங்குனி உத்திர விழாக்களின்போது கூட்டம் பன்மடங்கு பெருகிப் பின் தணிகிறது. சில நாட்களுக்காக நகருக்குள் புதிய இருப்புப்பாதை அமைத்தால் அதன் செலவை எஞ்சிய நாட்களும் சுமக்க நேரிடும். சிறப்புப் பேருந்துகளைப் பிற ஊர்களிலிருந்து வரவழைத்துத் திருப்பியனுப்பலாம். திண்டுக்கல் - பொள்ளாச்சிப் பாதை ஏற்கனவே உள்ளதால், அதில் சிறப்புத் தொடர்வண்டி விடுவதற்கு இயக்கச் செலவே முதன்மையானது.