இட்லி மாவு சொன்ன ஜோத்பூர் வெயில்

2014-ல் என்னவர் ஆபீஸிலிருந்து வந்து, "ஜோத்பூருக்கு மாற்றல்" என்று சொன்னதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. "வெயிலைப் பத்தி மெட்ராஸ்காரிக்கா சொல்லித் தரணும்?" என்று பெட்டியைக் கட்டினேன். கம்பளி என்று ஒன்றே ஒன்றுதான் எடுத்துக்கொண்டேன். நாலு வருஷம் அங்கே குடும்பம் நடத்திவிட்டு அசோக் நகருக்குத் திரும்பியபோது, மூட்டையில் ஆறு ரஜாய் இருந்தது! ரஜாய் என்றால் பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வை.

பாலைவன ஊர் என்றால் பன்னிரண்டு மாசமும் கொதிக்கும் என்றுதானே நாம் நினைக்கிறோம்? எனக்குப் புத்தி வரவழைத்தது இட்லி மாவு. ஜனவரியில் ராத்திரி கரைத்து வைத்த மாவு, காலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு குமிழ்கூட இல்லை. அங்கே ஜனவரிப் பகல் சுமார் 25 டிகிரி. இரவு 10 டிகிரியை ஒட்டி, சில நாள் அதற்கும் கீழே. சென்னையில் அதே மாசம் இரவு சராசரி 21 டிகிரியை ஒட்டி. தேங்காயெண்ணெய் பாட்டிலில் கட்டியாகிவிடும். மாவுப் பாத்திரத்தை ரஜாயில் சுற்றி, காலை பத்து மணிக்கு மொட்டை மாடி வெயிலில் வைத்து, மறுநாள்தான் இட்லி. மே மாசத்திலோ, கரைத்த மூணு மணி நேரத்தில் மாவு பொங்கி வழிந்து புளித்துவிடும்.

பகலுக்கும் இரவுக்கும் ஏன் இத்தனை வித்தியாசம்? சென்னைக் காற்றில் கடலின் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் போர்வை மாதிரி பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அங்கே காற்று வறண்டது, மேகமும் கிடையாது. பொழுது சாய்ந்ததும் மண்ணின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. குளிர்காலத்தில் பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரிக்கு மேல்கூட வித்தியாசம் இருக்கும்.

ஹோலி முடிந்து எட்டாம் நாள் சீதளாஷ்டமி. முதல் நாளே சமைத்து, மறுநாள் அடுப்பே மூட்டாமல் ஆறின சாப்பாட்டைப் படைத்துச் சாப்பிடுவார்கள். "இதுக்கப்புறம் பழைய சாப்பாடு தொடாதே, கெட்டுப்போயிடும்" என்றாள் பக்கத்து வீட்டுப் பாபி. அம்மை நோய்க்கு நாம் மாரியம்மனைக் கும்பிடுவது மாதிரி, அவர்களுக்குச் சீதளா மாதா. நாம் கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவது போலவே கம்பு மாவையும் மோரையும் சேர்த்து 'ராப்' என்று காய்ச்சுகிறார்கள். வெயில் காலத்தில் அதை ஆறவைத்துக் குடித்தால் வயிறு குளுகுளுவென்று இருக்கும்.

அதற்கப்புறம் வெயில் ஏறுவதுதான். மே மாசம் பகலில் சராசரி 41, 42. 'லூ' என்கிற அனல்காற்று வீசும். சில மாலை 'ஆந்தி' என்று புழுதிப்புயல் வந்து, துடைத்த வீட்டை மறுபடி துடைக்க வைக்கும். 2016 மே 19-ல், எங்களுக்கு வடக்கே இருக்கும் பலோதியில் 51 டிகிரி. இந்தியாவிலேயே அதுவரை அவ்வளவு பதிவானதில்லை. (நம் சென்னையின் உச்சம் 45 டிகிரி, 2003 மே 31-ல்.)

அந்த மே மாசம்தான் எங்க அம்மா வந்திருந்தாள். வயது எழுபதைத் தாண்டியவள். ரத்தக் கொதிப்புக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவள். "என்னடி வெயில்? நம்ம ஊர்ல புடவையைப் பிழியலாம். இங்கே ஒரு பொட்டு வேர்வை இல்லையே!" என்று மாடியில் உட்கார்ந்து கூழ் வடாம் பிழிந்தாள். அங்கே வடாம் ஒரே பகலில் சருகாகக் காய்ந்துவிடும், அந்த ஆசை. தாகமும் தெரியவில்லை. பகல் ஒரு மணிக்கு என்னைப் பார்த்துப் பெரியம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உடம்பு நெருப்பாகச் சுட்டது. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

பாபிதான் ஓடி வந்து, நனைத்த துப்பட்டாவை மேலே சுற்றி, விசிறிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினாள். வாயில் தண்ணீர் ஊற்றப் போன என் கையைத் தட்டிவிட்டாள். நினைவு தப்பினவருக்குத் தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடுமாம். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் சொன்னார்: "வியர்வை வராமல் இல்லை, வந்த கணமே காய்ந்துவிடுகிறது. அதனால் எவ்வளவு தண்ணீர் போனது என்றே தெரியாது. இவங்களுக்கு மாத்திரை வேறு நீரை இறக்கியிருக்கு." வெயில் காலத்தில் அந்த மாத்திரையின் அளவை டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாமாக நிறுத்திவிடவும் கூடாது.

அன்றிலிருந்து ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. அது எப்போதும் பானை பக்கத்தில் இருக்கும். மாங்காயைச் சுட்டுப் பிசைந்த பன்னாவும் உண்டு. இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக் குடியுங்கள்.

ஜூலையில் மழை தலைகாட்டினால் பகல் வெயில் 35-க்கு வந்துவிடும். மழை என்றால் நம்ம ஊர் மழை இல்லை; சென்னையில் வருஷத்துக்குப் பெய்வதில் கால் பங்குதான். செப்டம்பரில் அது விலகியதும் சூடு இன்னொரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, தீபாவளியோடு ரஜாய் இறங்கும்.

ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜோத்பூரில் எங்களைக் காப்பாற்றிய ஏர் கூலரை லாரியில் ஏற்றி அசோக் நகருக்குக் கொண்டு வந்தேன். ஏப்ரலில் போட்டால், ஒரு மணி நேரத்தில் சுவரெல்லாம் பிசுபிசுப்பு, அப்பளம் நமுத்துப்போச்சு, எல்லோருக்கும் கசகசவென்று வேர்த்தது. கூலரில் தண்ணீர் ஆவியாகும்போதுதான் காற்றுக் குளிரும். ஏற்கெனவே ஈரமான காற்றில் அது எங்கே ஆவியாகும்? யோசித்துப் பார்த்தால் அங்கேயும் ஜூலை வந்தால் அது கைவிட்டுவிடும், நான்தான் மறந்துபோனேன். என்னவர் ஒரு வார்த்தை பேசவில்லை, லாரி வாடகை ரசீதை மட்டும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது அதன் தண்ணீர்த் தொட்டியில் கருவேப்பிலை வைத்திருக்கிறேன். அம்மா அதற்குத் தண்ணீர் ஊற்றும்போது, தானும் ஒரு சொம்பு குடித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.