கீரையை ஒதுக்கும் குழந்தை

விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் தாய்மார், டின் பால் கலந்த தேநீரையும் ரொட்டியையும் குழந்தைக்கு வைத்துவிட்டுச் செல்வதை நாம் அறிவோம். அவசரத்தில் வேறு வழியில்லைதான். ஆயினும் டின் பாலில் ஏறக்குறையப் பாதி சர்க்கரையே. காலை முழுவதும் அதையே பருகும் குழந்தைக்கு நண்பகலில் பசி எங்கிருந்து வரும்? முருங்கைக்கீரையை அது ஒதுக்குகிறது. நாம் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் சூட்டுகிறோம்.

2 முதல் 6 வயது வரை, பழகாத உணவைக் கண்டு குழந்தை தயங்குவது இயல்பே. ஒரே கறியைப் 10 தடவைக்கு மேல் சுவைத்த பின்னரே சில குழந்தைகள் ஏற்கின்றன. ஆகவே, இரண்டு நாள் மறுத்ததும் கைவிடலாகாது. அதட்டி ஊட்டுவதும் வேண்டாம், வெறுப்புத்தான் வளரும். பருப்புச் சோற்றின் ஓரத்தில் ஒரு தேக்கரண்டிக் கீரையை வைத்துவிட்டுப் பேசாதிருங்கள். உண்ணாவிட்டால் நாளை மறுநாள் மீண்டும் வையுங்கள். “கீரை தின்றால் மிட்டாய்” என்று பேரம் பேசினால், கீரை ஏதோ தண்டனை என்றே குழந்தை எண்ணும்.

தம் தட்டிலுள்ள பாகற்காயைத் தள்ளிவிட்டு மகனை மிரட்டும் தந்தையரையும் நாம் கண்டிருக்கிறோம்!

உணவோடு தேநீர் பருகினால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் சரிவர ஏற்காது. இச்சத்துக் குறைந்தால் சோகை உண்டாகும். பிள்ளை வகுப்பில் சோர்ந்து கிடக்கும். தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளி வைத்து, சோற்றுடன் கொய்யாப்பழத்தை மெல்லிய துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, இரும்புச் சத்தை உடல் ஏற்கத் துணைபுரியும்.