சும்மாயிருந்த விரல்கள்

விளையாட்டைப் பற்றியா எழுதுகிறாய் என்று நண்பர்கள் கேட்கலாம். நான் பேச வருவது கைகளைப் பற்றி.

1997இல் சோனி இரட்டைக் குச்சிகளோடு விற்ற டூயல்ஷாக் கன்ட்ரோலரின் அடிப்படை அமைப்பு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. வலது கட்டைவிரலுக்கு இரண்டு வேலை: குச்சியைத் திருப்பிக் குறிபார்க்க வேண்டும், நான்கு பொத்தான்களையும் அழுத்த வேண்டும். குதிக்க விரலை எடுத்தால் குறி போச்சு. அடியில் நடுவிரலும் மோதிரவிரலும் சும்மா பிடித்துக்கொண்டிருக்கின்றன.

போட்டியாளர்கள் இந்த வேலைப்பிரிவினையை ஏற்கவில்லை. கன்ட்ரோலரைத் திறந்து, பொத்தானின் தொடுமுனையிலிருந்து மெல்லிய கம்பியைப் பற்றவைத்து இழுத்து, பின்புறம் சுவிட்ச் பொருத்தினார்கள். எதை அழுத்தினாலும் எந்திரத்துக்கு ஒன்றுதான்.

சும்மாயிருந்த விரலுக்கும் உடைமையாளர் வந்தார். பின்புற அமைப்புக்குக் காப்புரிமை வைத்திருந்த அயர்ன்பர்க் தொடுத்த வழக்கில், வால்வ் நிறுவனம் 40 லட்சம் டாலருக்கு மேல் தர வேண்டுமென 2021இல் அமெரிக்க ஜூரி சொன்னது. 2015இல் மைக்ரோசாஃப்டும் 2023இல் சோனியும் பின்பொத்தான் வைத்த கன்ட்ரோலர்களைக் கூடுதல் விலைக்கு இறக்கின.

அரிவாள் பிடியைத் தன் கைக்கேற்பச் சீவிக்கொள்பவர் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. இங்கே கையின் அறிவு சரக்காகிவிட்டது. காசில்லாதவன் இன்னும் ஒற்றைக் கட்டைவிரலோடுதான் போட்டிக்கு வருகிறான். இதைத் திறமை வித்தியாசம் என்று எப்படிச் சொல்வது?