வன்தட்டும் உராய்வும்

மாணவர்களே, திகன ஊடாக மகியங்கனைக்குச் செல்லும் ஏ 26 வீதியில் பல கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றில் பஸ் வண்டி வழுக்காமல் திரும்புவது டயருக்கும் வீதிக்கும் இடையிலான உராய்வினாலாகும். அங்கு உராய்வு அவசியம். ஆனால் கணினியின் வன்தட்டில் உராய்வு இயன்றளவு குறைவாக இருத்தல் வேண்டும். அது எவ்வாறு குறைக்கப்படுகின்றது எனப் பார்ப்போம்.

நினைவிற் கொள்க
• பொருள் அசையத் தொடங்கும் தறுவாயில் உள்ள உராய்வு எல்லை உராய்வு எனப்படும். அசையும்போது உள்ள இயக்க உராய்வு அதனிலும் சற்றுக் குறைவானது.
• எல்லை உராய்வு பரப்புகளின் தன்மையிலும் செவ்வன் மறுதாக்கத்திலும் தங்கியுள்ளது. தொடுகைப் பரப்பளவில் தங்கியிருப்பதில்லை.

வளிப்படலம்
வன்தட்டினுள் காந்தப்பூச்சுடைய வட்டத்தட்டுகள் சுழல்கின்றன. நிமிடத்துக்கு 7200 சுற்று எனின், செக்கனுக்கு 120 சுற்றுகளாகும். மையத்திலிருந்து 4.5 சென்ரிமீற்றர் தூரத்திலுள்ள புள்ளியின் கதி,
2 × 3.14 × 0.045 × 120 = ஏறத்தாழ 34 மீற்றர்/செக்கன்.
இது மணிக்கு 120 கிலோமீற்றரிலும் அதிகம். இக்கதியில் தலை தட்டில் உரசினால் வெப்பம் பிறக்கும், பூச்சு தேயும், தரவுகள் அழியும்.

எனவே தலை தட்டைத் தொடுவதில்லை. தட்டுடன் இழுபட்டு வரும் வளி தலையை மேல்நோக்கித் தள்ளுகின்றது. வில் அதனைத் தட்டை நோக்கி அழுத்துகின்றது. இரண்டும் சமநிலையடையும்போது சில நனோமீற்றர் இடைவெளி பேணப்படும். தலைமயிரின் தடிப்போ பல்லாயிரம் நனோமீற்றராகும். ஆகவே சிறு தூசியும் ஆபத்தானது. வன்தட்டின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள்.

தொடுகை ஏற்படும் வேளை
1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் அழுத்தப்பட்ட வளி செலுத்தப்பட்டுத் தலை விலக்கி வைக்கப்பட்டது. 1973இல் வந்த "வின்செஸ்ரர்" வகையில், தட்டு நின்றதும் இலேசான தலை அதன்மீதே இறங்கியது. தேய்வைக் குறைக்கத் தட்டுக்கு உராய்வுநீக்கி பூசப்பட்டது.

இங்கு ஒரு புதிய சிக்கல் எழுந்தது. தட்டும் தலையும் மிக ஒப்பமானவை. அவற்றிடையே உராய்வுநீக்கியோ ஈரலிப்போ மெல்லிய திரவப் படலமாகப் பரவினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நனைந்த இரு கண்ணாடித் தகடுகளைப் பிரிப்பது கடினமல்லவா? அதுபோன்றதே இது. இத்தடையை மோட்டரால் மீற முடியாதபோது தட்டு சுழலாது; தரவுகளைப் பெறவும் இயலாது. ஒப்பமாக்கினால் தடை எப்போதும் குறையும் என எண்ணுவது தவறு என்பதை இது காட்டுகின்றது.

1990களில் இதற்கு இரு தீர்வுகள் வந்தன.
1. தலை இறங்கும் பகுதியில் லேசர் மூலம் நுண்ணிய மேடுகள் அமைத்தல்.
2. தட்டு நிற்கமுன் தலையைத் தட்டுக்கு வெளியேயுள்ள சரிவில் ஏற்றி வைத்தல்.

உயரமும் வளியும்
உயரம் கூட வளி அடர்த்தி குறையும். தலையைத் தாங்கும் தள்ளுகையும் குறையும். வளி நிரம்பிய வன்தட்டுகள் பொதுவாக ஏறத்தாழ 3000 மீற்றர் வரையான உயரத்துக்கே வடிவமைக்கப்படுகின்றன. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும் பிதுருதலாகலை 2524 மீற்றர் உயரத்திலும் உள்ளன. எனவே இலங்கையில் எங்கும் இவை இயங்கும். 2013 முதல் ஈலியம் அடைத்து மூடிய வன்தட்டுகளும் விற்பனைக்கு வந்தன.

பயிற்சி
1. சுழலத் தொடங்கும்போது மோட்டருக்கு அதிக விசை தேவைப்படுவது ஏன்?
2. இயங்கும் கணினியை அசைப்பது அல்லது தட்டுவது தீங்கானது. விளக்குக.
3. முக்கிய கோப்புகளுக்கு வேறொரு சாதனத்திலும் பிரதி வைத்திருக்க வேண்டியதற்கு உராய்வுடன் தொடர்பான இரு காரணங்கள் தருக.