மண் காக்கும் கல்வி

‘திருவாரூர்த் தேரழகு, மன்னார்குடி மதிலழகு’ என்பது காவிரி நாட்டில் வழங்கும் முதுமொழி. இராசகோபாலசுவாமி கோயிலைச் சூழ்ந்து ஓங்கி நிற்கும் மதில் அவ்வூருக்கு அழகும் காவலும் ஆகும். ஊரைச் சூழ்ந்து கிடப்பவையோ, பாமணியாற்று நீரால் குறுவையும் சம்பாவும் தாளடியும் விளையும் வயல்கள். அவ்வயல்களுக்குக் கல்லால் மதில் எழுப்புதல் இயலாது. அவற்றைக் காக்கும் மதில் எது? அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று அதனை விளக்கும்.

2010ஆம் ஆண்டில், மன்னார்குடிப் பகுதியில் நிலத்தின் ஆழத்தே உள்ள நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் என்னும் எரிவாயுவை எடுப்பதற்கு, ஒரு நிறுவனம் நடுவண் அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. மீத்தேன், நிலக்கரியின் நுண்துளைகளில் ஒட்டிக் கிடப்பது. படுகையில் நிறைந்துள்ள நீரின் அழுத்தமே அதனை அங்கு நிறுத்தி வைக்கிறது. ஆதலின், அந்நீரை இறைத்து வெளியேற்றினாலன்றி வாயு மேலே வாராது. அவ்வாறு இறைக்கும் நீர் பெரும்பாலும் உப்பு மிக்கது. ‘நிலத்தடி நீர் வற்றுமோ? கடல்நீர் உட்புகுமோ? உப்புநீர் வயலிற் பாயுமோ?’ என்று உழவர் அஞ்சினர், திரண்டு எதிர்த்தனர். தமிழ்நாட்டு அரசு 2013இல் பணியை நிறுத்தி வைத்து, ஆராய்ந்து கூறுமாறு வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. அக்குழுவின் அறிக்கையைக் கண்டபின், 2015இல் அத்திட்டத்தை மறுத்தது. 2020இல் காவிரிப் படுகை மாவட்டங்களுக்கெனப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் நிறைவேறியது.

உழவர் கேட்ட வினாக்கள் நேர்மையானவை. ஆயினும், விடை காண்பதற்கு அச்சம் மட்டும் போதாது; அளவு வேண்டும். நீர்மட்டம் எத்தனை அடி தாழும், உப்பு எவ்வளவு ஏறும், மண் எவ்வாறு திரியும் என்பவற்றை அளந்தறிய வல்ல கல்வியே சுற்றுச்சூழல் அறிவியல்.

நிலம், நீர், காற்று, உயிர் ஆகியவை ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் முறையை இவ்வியல் ஆராய்கிறது. இதனைப் பயில்வோர் வேதியியல், உயிரியல், நிலவியல் ஆகியவற்றோடு சட்டமும் கற்பர். 1984இல் போபால் நகரில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பயனாக 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. சட்டம் பிறந்தமையால், அதனைச் செயற்படுத்த அறிஞர் தேவைப்பட்டனர்.

மேல்நிலை வகுப்பில் அறிவியல் பயின்ற மாணவர் இத்துறையில் புகலாம். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் இவ்வியலில் முதுநிலைக் கல்வி உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியியல் பயிலலாம்.

கற்றவர்க்குப் பணிகளும் பல. 1982இல் அமைந்த தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆலைக் கழிவுநீரையும் புகையையும் ஆய்வோரை அமர்த்துகிறது. நடுவண் நிலத்தடி நீர் வாரியம் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து வருகிறது. புதிய ஆலையோ சுரங்கமோ தொடங்குமுன் அதன் விளைவுகளை மதிப்பிட்டு அறிக்கை வரைவோரும், ஆய்வுக்கூடத்தில் நீரையும் மண்ணையும் சோதிப்போரும், கல்லூரி ஆசிரியரும் உளர்.

கெட்ட நிலத்தைத் திருத்துதலும் இவர் பணியே. பாமணியாறு சென்று சேரும் முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு உள்ளது. முற்காலத்தில் அங்கே மரங்களை அடியோடு வெட்டியமையால் நிலம் காய்ந்து தாழ்ந்தது, புகுந்த கடல்நீர் தேங்கி, வெயிலில் வற்றி உப்பு மிகுந்தது, மரக்கன்று முளைக்கவில்லை. காரணத்தை ஆராய்ந்தறிந்த அறிஞரும் வனத்துறையினரும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். அலைநீர் நாள்தோறும் வந்து மீண்டது, உப்புக் குறைந்தது, காடு மீண்டும் தழைத்தது. நோயின் காரணம் அறிந்தபின் மருந்து எளிதாயிற்றன்றோ?

உழவர் மண்ணைத் தம் உயிரெனப் பேணுவர். அப்பற்றோடு அளந்தறியும் அறிவும் சேருமாயின், அதுவே வயலைக் காக்கும் மதிலாகும். அம்மதிலை எழுப்பும் பொறுப்பு இன்றைய மாணவருடையது.